பொங்கப்படியும் முன்பணமும்

தை பிறக்கும் முன்பே ஒரு புலம்பல் பிறந்துவிடும். பட்டிமன்றத்தில், தொலைக்காட்சியில், ஞாயிறு இணைப்பில் எல்லாம் அதே பேச்சுதான். பண்டிகை வியாபாரமாகிவிட்டது, மண்பானை போய் குக்கர் வந்துவிட்டது, கோலம் போய் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள், சொந்தபந்தம் கூடிக் கொண்டாடிய அந்தக் காலம் இனி வராது. நாங்களும் இதைக் கேட்கிறோம். தலையாட்டப் போகும்போது எங்கோ இடிக்கிறது. அந்தக் காலத்துப் பொங்கலில் நாங்கள் எங்கே நின்றோம் என்று யாரும் கேட்பதில்லை.

தொழுவத்துக்கு வெளியே நின்றோம். விழுப்புரம், திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி பக்கத்துக் காலனிகளில் வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். மாட்டுப் பொங்கலன்று விடியும் முன்பே ஆண்டை வீட்டு மாடுகளை ஏரிக்கு ஓட்டிப்போய்த் தேய்த்துக் குளிப்பாட்டுவது படியாள். கொம்பு சீவி, வண்ணம் பூசி, புதுக் கயிறு மாற்றுவதும் அவர்தான். பொங்கல் பொங்கி மாட்டுக்கு ஊட்டும் நேரம் வந்ததும் அவர் ஒதுங்கிப் போய்விட வேண்டும். மாடு தின்ற பிறகு அவர் ஏந்திய துண்டில் ஓர் உருண்டை விழும். மறுநாள் கரிநாள். பறையை வைக்கோல் தீயில் காய்ச்சி, ஊர்த்தெருவில் வாசல் வாசலாக அடித்துக்கொண்டு போனால் முறத்தில் கொஞ்சம் நெல் வரும், ஒரு துண்டு கரும்பு வரும், மனமிருந்தால் ஒரு பழைய வேட்டி வரும். இதுதான் பொங்கப்படி. தீபாவளிக்கு மறுநாள் பெண்கள் பாத்திரத்தோடு போய் நின்று வாங்கி வந்த பலகாரமும் அப்படித்தான். கொடுத்தவர்கள் அதைத் தர்மம் என்றார்கள். வருஷம் முழுக்கச் செய்த வேலைக்குப் பாக்கி நின்ற கூலி என்பது எங்கள் கணக்கு.

ஆகவே அந்த மரபு தேய்ந்து போனதில் எங்களுக்குத் துக்கமில்லை. அது தானாகத் தேயவும் இல்லை. இனி கரிநாளுக்கு மேளம் அடிக்க வரமாட்டோம் என்று சொன்ன இளைஞர்களால் தேய்ந்தது. பிள்ளையைப் படிக்க அனுப்பி, மாட்டுக்கொட்டகைக்கு அனுப்ப மறுத்த தாய்மார்களால் தேய்ந்தது. மறுத்ததற்காகக் கூலி வேலை கிடைக்காமல் போன தெருக்களும், கிணற்றுத் தண்ணீர் நிறுத்தப்பட்ட தெருக்களும் உண்டு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சந்தையும் எங்களுக்கு உதவியது. டவுனில் இருக்கும் துணிக்கடைக்குள் முதன்முதலாக நுழைந்த எங்கள் அம்மாக்களைக் கேட்டால், அங்கே பார்த்த புடவையைச் சொல்வதற்கு முன் வாசலில் கேட்ட ஒரு சொல்லைச் சொல்வார்கள். 'வாங்கம்மா.' ஊர்த்தெருவில் 'ஏண்டி வந்தே' என்று கேட்டுப் பழகிய காதுக்கு அந்த 'வாங்க' சாதாரணமானதல்ல. கையில் காசு இருந்தால் எந்தத் தெரு என்று கேட்காமல் மெத்தை மேல் துணியை விரித்துப் போடுகிறார்கள். இந்த நிறம் வேண்டாம், அதை எடுங்கள் என்று சொல்ல முடிகிறது. பழைய வேட்டியை வாங்கியவர் அப்படிச் சொன்னதில்லை. வணிகமயம் என்ற சொல்லை யாராவது வெறுப்போடு உச்சரிக்கும்போது, இந்த 'வாங்கம்மா' எங்களுக்கு நினைவு வந்துவிடுகிறது.

ஆனால் அந்தக் கடைக்குள்ளேயே இன்னொரு பக்கம் இருக்கிறது. துணியை விரித்துப் போடும் பெண் பல நேரம் எங்கள் தெருப் பெண்தான். பண்டிகைக் கூட்டம் முடிகிற வரை அவளுக்கு விடுப்பு கிடையாது. தீபாவளிக்கு முந்தின நாள் நள்ளிரவில் பேருந்து பிடித்து, விடிந்த பிறகு வீங்கின காலோடு வீடு வந்து சேர்வாள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் திருத்துவதற்கே 2021 வரை ஆனது. நூற்பாலைக்குப் போன பெண்களின் கதையும் இதுதான். மூன்று வருஷம் வேலை செய்தால் மொத்தமாகப் பணம் என்று 'சுமங்கலித் திட்டம்' என்ற பேரில் கூட்டிப்போனார்கள். தாலிக்கு ஆசை காட்டி உழைப்பைப் பிடித்து வைத்த திட்டத்துக்கு எவ்வளவு மங்கலமான பெயர் பாருங்கள்.

தீபாவளி எங்களுடையதா என்பது பழைய விவாதம். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு 'தமிழன்' என்று பெயர் மாறிய அந்த இதழில் பண்டிகைகளைப் பற்றி விரிவாக எழுதினார். தீபாவளி நரகாசுரன் செத்த நாளல்ல, எள்ளிலிருந்து எண்ணெய் கண்டதைப் பௌத்தர்கள் கொண்டாடிய நாள் என்றார். போகியைப் போதிப் பண்டிகை என்றார். வரலாற்று ஆய்வாளர்கள் இதை ஏற்கலாம், மறுக்கலாம். எங்களுக்கு முக்கியமாகப் படுவது வேறு. அடுத்தவர் வாசலில் கையேந்தி வாங்கும் பலகாரமாகவே பண்டிகையைத் தெரிந்து வைத்திருந்த மக்களிடம், இது உன் பாட்டன் கண்டுபிடித்த எண்ணெய் என்று அவர் சொன்னார். பெரியார் தீபாவளியையே வேண்டாம் என்றார், பொங்கலை வைத்துக்கொள் என்றார். இரண்டு பேச்சும் எங்கள் தெருக்களில் இன்றும் நடக்கிறது. நடந்து முடிந்ததும், பிள்ளைகள் அழுகிறார்களே என்று பட்டாசு வாங்கக் கிளம்பிவிடுகிறோம்.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? ஆலைத் தொழிலாளிக்குச் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம் போனஸ் உண்டு. நாற்று நடுகிறவருக்கும் கரும்பு வெட்டுகிறவருக்கும் எந்தச் சட்டத்தில் போனஸ்? அரசு தரும் பொங்கல் பரிசு ஒரு வருஷம் போல் ஒரு வருஷம் இருப்பதில்லை. 2021-ல் 2,500 ரூபாய் ரொக்கம் வந்தது. 2022-ல் ரொக்கம் இல்லாமல் 21 பொருள் கொண்ட பை வந்தது. ரேஷன் கடை வரிசையில் வாங்கும் அந்தப் பையைப் பொங்கப்படியோடு ஒப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் ஒப்பிட மாட்டோம். அது ஊர்த்தெருவும் காலனியும் ஒரே வரிசையில் நின்று வாங்குவது. ஆனால் அதை நம்பிக் குடும்பம் பண்டிகை கொண்டாடிவிட முடியாது. மிச்சத்துக்கு மூன்று வழி இருக்கிறது. ஒன்று, மாதாமாதம் கட்டிவரும் தீபாவளிச் சீட்டு. ஐப்பசி நெருங்கும்போது சீட்டு நடத்தியவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போன செய்தி வராத வருஷம் குறைவு. இரண்டு, குழுக் கடன். வாரத் தவணை வசூலிக்க வருகிறவர் பண்டிகை நாள், சாவு வீடு என்று பார்ப்பதில்லை. ஒருத்தி கட்டவில்லையென்றால் மற்ற பெண்களை அவள் வாசலில் உட்கார வைத்துவிடுகிறார். மூன்றாவதுதான் கொடுமையானது, முன்பணம்.

ஆடியிலிருந்து தீபாவளி வரை மழையும் வேலையில்லாத நாட்களும். அப்போது மேஸ்திரி தெருவுக்குள் வருவார். புருஷன் பெண்டாட்டி ஜோடிக்கு இவ்வளவு என்று பேசிக் கையில் பணம் கொடுப்பார். பிள்ளைக்குத் துணி, வீட்டுக்கு அரிசி, மாமியார் வீட்டுக்குச் சீர் எல்லாம் அதில்தான். பொங்கல் முடிந்ததும் திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்கு லாரி கிளம்பும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு கூலி என்று கணக்கு. வாரச் செலவுக்கு மட்டும் கையில் கொஞ்சம் காசு. ஆனியில் கணக்கு முடிக்கும்போது முன்பணம் கழிந்திருக்காது, அந்தப் பாக்கி அடுத்த வருஷத்துக்குப் போகும். எங்கள் மக்களும் இருளர் குடும்பங்களும் இப்படித்தான் சூளையில் தலைமுறை கழிக்கிறார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. பழைய ஆண்டை படி கொடுத்துப் பிடித்து வைத்தார், இவர்கள் புதுத்துணிக்குப் பணம் கொடுத்துப் பிடித்து வைக்கிறார்கள். ஆண்டையிடம் வாங்குவதில் கூச்சம் இருந்தது. முன்பணம் வாங்கியவர் கடையில் நிற்கும்போது 'வாங்கம்மா' கேட்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான் என்று சில நேரம் தோன்றுகிறது. அவ்வளவு மட்டுமில்லை என்றும் தோன்றுகிறது.

எங்களுக்கென்று இருக்கும் குடும்ப வழக்கத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. பண்டிகைக்கு முன்னால் செத்தவர்களுக்குப் படைப்பது அது. கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, பாட்டனுக்குச் சுருட்டு, பாட்டிக்கு வெற்றிலை பாக்கு, மேலே புதுத்துணி. படைத்து முடித்து வீட்டில் மூத்த பெண்மணி பேர் சொல்லிக் கூப்பிடுவார். அந்தப் பெயர்கள் வேறெங்கும் எழுதப்பட்டதில்லை. அவர்களுக்குப் பட்டா கிடையாது, கல்லறை கிடையாது, பலருக்குப் புகைப்படமும் கிடையாது. படையல் போடும் கொஞ்ச நேரம் மட்டும் அவர்கள் வந்து போகிறார்கள். கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இது மூடநம்பிக்கையாகத் தெரியலாம். சாமி கும்பிட வேண்டாம், பேர்களை மட்டுமாவது ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் என்று நாங்கள் கேட்டு வருகிறோம். சொல்லும் பாட்டிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். (அந்தக் குழம்பை வைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் பெண்கள் தலையிலேயே விழுகிறது என்பதையும் அதே நோட்டில் எழுதலாம்.)

'காலம் காலமாக வரும் வழக்கம்' என்ற சொல்லை நாங்கள் எச்சரிக்கையோடுதான் கையில் எடுக்கிறோம். எங்களை வெளியே நிறுத்தவும் அதே சொல்தான் பயன்பட்டது. திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் எங்கள் மக்கள் பொங்கல் பானையோடு போக 2023 ஜனவரி 30 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போலீஸ் பாதுகாப்பும் அதிகாரிகளும் தேவைப்பட்டார்கள். அம்மனுக்குப் பொங்கல் வைப்பதில் என்ன வணிகம் இருக்கிறது? அங்கே கதவை அடைத்து நின்றது மரபு.

பறையின் கதையும் இந்த இழுபறிதான். சென்னை சங்கமம் 2007-ல் தொடங்கியபோது பூங்காக்களிலும் தெருக்களிலும் பறை ஒலித்தது. 2020 மார்கழியில் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கி, சபாக்களின் மாதத்தில் எங்கள் பாட்டை மேடையேற்றியது. 2025-ல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பெருமைதான். இப்போது கல்யாண மண்டப வாசலிலும் நகைக்கடைத் திறப்பு விழாவிலும் ஒரே மாதிரி வேட்டி கட்டிய குழுக்கள் பறை அடிக்கின்றன. கூலி பேசி, முன்பதிவு வாங்கி, பேருந்துச் செலவு தனியாக வாங்கிக்கொண்டு அடிக்கிறார்கள். அதை வணிகம் என்று குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது. சாவுக்கு வராவிட்டால் அடிப்பேன் என்று மிரட்டப்பட்ட மனிதரின் பேரன், இத்தனை ரூபாய் என்றால்தான் வருவேன் என்கிறான். ஊரில் மட்டும் சிக்கல் தீரவில்லை. மேடையில் பறையைக் கைதட்டி ரசித்தவர், கிராமத்துச் சாவுக்கு ஆள் வரவில்லை என்றால் இன்னும் கோபப்படுகிறார்.

எங்கள் நாட்கள் என்று நாங்களே தேர்ந்துகொண்டவையும் உண்டு. டிசம்பர் 25 உலகுக்குக் கிறிஸ்துமஸ். அதே நாளில்தான் 1927-ல் மகாத்தில் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. 1968-ல் அதே இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். ஏப்ரல் 14-ஐத் தமிழ்நாடு அரசு 2022 முதல் சமத்துவ நாளாகக் கடைப்பிடிக்கிறது. அந்த நாளில் எங்கள் தெருக்களில் என்ன நடக்கிறது என்று நாங்களே பேசாவிட்டால் வேறு யார் பேசுவது? பிளெக்ஸ் பேனரில் அண்ணலின் படம் ஒரு மூலைக்குப் போய்விட்டது. மிச்ச இடமெல்லாம் கைகூப்பிய முகங்கள். ஸ்பீக்கர் வாடகைக்குக் கொடுத்த பணத்தில் இரவுப் பாடசாலைக்கு ஒரு வருஷப் புத்தகம் வாங்கியிருக்கலாம். இதைச் சொன்னால் பையன்கள் திருப்பிக் கேட்கிறார்கள். ஊர்த்தெருத் திருவிழாவில் பத்துப் பெட்டி அடுக்கிப் பாட்டுப் போட்டபோது யாரும் கேட்கவில்லையே, நாங்கள் நாலு பெட்டி வைத்தால் மட்டும் சிக்கனப் பாடமா? அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஏப்ரலில் சத்தமாக இருக்க எங்களுக்கும் உரிமை உண்டு. ஸ்பீக்கர் வாடகையும் வட்டிக் கடன்தான் என்பதும் உண்மை. பல தெருக்களில் இரண்டையும் பேசி, பெட்டி பாதி, புத்தகம் பாதி என்று முடிவெடுத்திருக்கிறார்கள். சில தெருக்களில் பேச்சு சண்டையில் முடிந்திருக்கிறது.

இந்தத் தையில் உடனடியாகச் செய்ய ஒரு வேலை இருக்கிறது. தை ஐந்தாம் நாள் தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா. சுருளிக்கிழங்கும் பலூனும் வாங்கிக்கொண்டு பிள்ளைகள் வீடு திரும்பிய சில நாட்களில், பாத்திர மூட்டை, கோழி, கைக்குழந்தை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு லாரிகள் கிளம்பிவிடும். பொங்கலுக்கு எடுத்த புதுச்சட்டை போட்டுக்கொண்டுதான் அந்தப் பிள்ளைகள் ஏறுவார்கள். முழுஆண்டுத் தேர்வுக்கு அவர்கள் வரமாட்டார்கள். இதைப் படிக்கும் மாணவர்களே, தை பிறந்த பிறகு உங்கள் வகுப்பில் காலியாகும் இடங்களைக் கவனியுங்கள். பெயரையும் எந்தப் பக்கம் போனார்கள் என்பதையும் குறித்துத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கும் சொல்லலாம். சூளையில் மாட்டிக்கொண்ட குடும்பத்தைப் பற்றி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். விசாரித்துக் கொத்தடிமை என்று உறுதியானால் அவர் விடுவிப்புச் சான்று தர வேண்டும், வாங்கிய முன்பணக் கடன் சட்டப்படி ரத்தாகிவிடும். உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை பெறவும் வழி இருக்கிறது. மனுவில் முன்பணம் வாங்கிய மாதத்தையும் தொகையையும் மேஸ்திரி பெயரையும் மறக்காமல் எழுதுங்கள். ஐப்பசியில் வாங்கியது என்றால், தீபாவளிக்கு வாங்கியது என்றே எழுதுங்கள்.