நிலம் இறங்கினால் யாரிடம் கேட்பது?

உத்தராகண்டின் ஜோஷிமத் நகரில் 2023 ஜனவரிக்குள் எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் விரிசல் கண்டன. அதையொட்டிய பன்னிரண்டே நாளில் நிலம் 5.4 சென்டிமீட்டர் இறங்கியதாக இஸ்ரோவின் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. பழைய நிலச்சரிவு கொட்டிப்போன மண்ணின் மேல் நிற்கும் ஊர் அது. கனமான கட்டுமானம் வேண்டாம், பாறையை வெடி வைத்து எடுக்காதீர்கள் என்று அரசு அமைத்த மிஸ்ரா குழு 1976-லேயே எழுதிக் கொடுத்தது. கேட்டவர் யார்? மாடிகள் எழுந்தன, கழிவுநீர் மண்ணுக்குள்ளேயே இறங்கியது. அருகே மின்திட்டத்துக்காகச் சுரங்கமும் குடைந்தார்கள். சுரங்கத்துக்கும் விரிசலுக்கும் தொடர்பில்லை என்கிறது அந்தத் திட்டத்தின் நிறுவனமான என்டிபிசி. ஊர்மக்கள் பலர் அதை ஏற்கவில்லை.

சமவெளியில் நிலம் தாழ்வதற்குப் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணறுதான் காரணம். களிமண் அடுக்கில் தங்கிய நீரை உறிஞ்சிவிட்டால் மண் அமுங்கி இறுகுகிறது. பின்னால் எவ்வளவு மழை பெய்தாலும் பழைய உயரம் திரும்பாது. ஜகார்த்தாவும் மெக்சிகோ நகரமும் இப்படித்தான் தாழ்கின்றன.

இழப்பீடு கேட்கப் போனால்தான் சிக்கல் தெரியும். ஜோஷிமத் விரிசல் கண்டபோது, பேரிடர் நிவாரண நிதிக்கான மத்தியப் பட்டியலில் நிலச்சரிவு இருந்தது. நிலம் தாழ்வது தனியாக இல்லை. மெதுவாக வரும் சேதம் சட்டத்தின் கண்ணில் எளிதில் படுவதில்லை.

காப்பீடு? ‘பாரத் கிருஹ ரக்ஷா’ வீட்டுக் காப்பீட்டுப் பாலிசியில் நிலம் தாழ்வதால் வரும் சேதத்துக்கு இடமுண்டு. ஆனால் விலக்குகளையும் படியுங்கள்: புது வீட்டில் வரும் வழக்கமான விரிசல், மண் கொட்டி மேடாக்கிய மனையின் அசைவு, கட்டுமானத்துக்காகத் தோண்டியதால் வந்த சேதம் எதுவும் சேராது. ஏரியைத் தூர்த்து விற்ற மனைகள் மலிந்த நகரங்களில் இது சின்ன விலக்கு அல்ல.

பக்கத்து மனைக்காரர் ஆழத் தோண்டுகிறாரா? உங்கள் நிலத்துக்கு அடுத்த நிலம் இயற்கையாகத் தரும் தாங்கலை 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் உரிமையாகவே சொல்கிறது. உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். காரணம் பெரிய திட்டமும் சுற்றுச்சூழல் சேதமும் என்றால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. அங்கே இழப்பீடு கோர 5 ஆண்டு அவகாசம், சுற்றுச்சூழல் தகராறைத் தீர்க்கக் கோர 6 மாதம்தான்.

ஆகவே தேதி முக்கியம். கதவு இறுகினாலோ, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடினாலோ, விரிசலின் நுனியில் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் ஆட்சியர்தான். அவரிடம் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அதற்குமுன் விரிசலைப் பூசி மறைத்துவிடாதீர்கள்.