1,950 பேர்: இராஜபாளையம் தொகுதி பற்றி ஒரு கணக்கு

செட்டியார்பட்டிக்குப் போனா பெரியப்பா கேக்கிற முதல் கேள்வி இதுதான்: "நம்ம தொகுதி யாரு கோட்டைன்னு சொல்லு பாப்போம்?" ஒவ்வொரு தடவையும் மழுப்பிட்டு வந்துடுவேன். 2026 தேர்தல் நெருங்குது. இந்தத் தடவை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

செட்டியார்பட்டி, சேத்தூர் பேரூராட்சிகளும் இராஜபாளையம் நகரமும் ஒரே சட்டமன்றத் தொகுதி. 2008 தொகுதி மறுசீரமைப்பு வரைக்கும் இது தனித் தொகுதி. பிறகு இது பொதுத் தொகுதியாகி, பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர் தனித் தொகுதியானது. 2011ல் அதிமுகவின் கே. கோபால்சாமி ஜெயித்தார். 2016ல் திமுகவின் எஸ். தங்கபாண்டியன் 4,802 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2021ல் சிவகாசியை விட்டு இங்கே வந்து நின்ற அமைச்சர் கே.டி. ராஜேந்திர பாலாஜியை அவரே மறுபடியும் தோற்கடித்தார். தங்கபாண்டியனுக்கு 74,158, பாலாஜிக்கு 70,260. வித்தியாசம் 3,898.

இந்த 3,898ஐப் பாதியாக்கினால் 1,949. அதாவது 1,950 பேர் இந்தப் பக்கம் போட்டதை அந்தப் பக்கம் போட்டிருந்தால் முடிவே மாறியிருக்கும். தொகுதியில் 200 வாக்குச்சாவடி என்று வைத்துக்கொண்டால் சாவடிக்குப் பத்தே பேர். ஒரு தெருவில் இரண்டு வீடு!

இப்படிப்பட்ட தொகுதியில் ஒரு வேடிக்கை உண்டு. "நாங்கதான் ஜெயிக்க வச்சோம்" என்று எந்தச் சாதிக்காரர் சொன்னாலும், எந்தத் தெருக்காரர் சொன்னாலும், மில் தொழிலாளி சொன்னாலும், தளவாய்புரத்தில் நைட்டி தைப்பவர் சொன்னாலும் எல்லாமே சரிதான். 1,950 பேரை யார்தான் காட்ட முடியாது? எல்லாரும் சொல்வது சரி என்பதாலேயே அதை வைத்து அடுத்த தேர்தலைக் கணிக்க முடியாது.

"எம்.பி. தேர்தல்ல ரெண்டு லட்சம் வித்தியாசம் வந்துச்சே" என்றார் பெரியப்பா. உண்மைதான். 2024ல் தென்காசி மக்களவைத் தொகுதியில் திமுகவின் ராணி ஸ்ரீகுமார் சுமார் 1.96 லட்சம் வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆனா அப்போ எதிரணி இரண்டாக உடைந்திருந்தது. ராணிக்குச் சுமார் 4.26 லட்சம். அதிமுக சின்னத்தில் நின்ற கிருஷ்ணசாமிக்கு 2.29 லட்சம், பாஜக சின்னத்தில் நின்ற ஜான் பாண்டியனுக்கு 2.09 லட்சம். பின்னது இரண்டையும் கூட்டினால் 4.38 லட்சம். 2025 ஏப்ரலில் அதிமுகவும் பாஜகவும் மறுபடி சேர்ந்துவிட்டன. அதுக்காகக் கூட்டல் கணக்கு அப்படியே வாக்காகும் என்று சொல்ல மாட்டேன். கட்சி சேர்ந்தால் தொண்டன் சேர்வான், வாக்காளர் சேருவாரா என்பது வேற கேள்வி. போதாததற்கு விஜய்யின் தவெக வேறு. அது யார் வீட்டிலிருந்து எத்தனை வாக்கை எடுக்கும் என்று 2021 கணக்கில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

இவ்வளவு குறுகிய வித்தியாசம் எங்க ஊருக்கு மட்டும் வந்ததில்லை. 2016ல் இராதாபுரத்தில் 49, 2021ல் தியாகராய நகரில் 137. பிரிட்டனில் 2024ல் ஹெண்டன் தொகுதியை வெறும் 15 வாக்கு முடிவு செய்தது.

என்னை உறுத்துவது இன்னொரு எண். 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின் வந்த வரைவுப் பட்டியலில், தமிழ்நாடு முழுக்கச் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. 234ஆல் வகுத்தால் தொகுதிக்கு 41,000க்கு மேல். இது வெறும் சராசரி. சென்னையில் அதிகம், எங்க பக்கம் குறைவு. இறந்தவர், ஊர் மாறியவர், இரட்டைப் பதிவு எல்லாம் அதில் அடக்கம். ஆனாலும், அதில் இருபதில் ஒரு பங்கு தவறாக விடுபட்டிருந்தாலே 1,950ஐத் தாண்டிவிடும்.

பெரியப்பா மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கான். படிவம் கொடுக்க வந்தப்போ அவன் ஊரில் இல்லை. பட்டியலில் பெயர் இல்லை. போனில் கேட்டேன். "ஒரு ஓட்டுதானண்ணே, விடுங்க" என்றான்.

எங்கே வழக்கமாகக் குடியிருக்கிறோமோ அங்கேதான் பதிய வேண்டும் என்பது விதி. திருப்பூர்னா திருப்பூர், செட்டியார்பட்டின்னா செட்டியார்பட்டி; ஏதோ ஒரு இடத்தில் படிவம் 6 கொடு என்று சொல்லியிருக்கேன். உங்க வீட்டிலும் ஒரு தடவை பட்டியலைப் பாருங்க.

பெரியப்பாவுக்கு என் பதில்: இது யார் கோட்டையும் இல்லை. சாவடிக்குப் பத்துப் பேர், அவ்வளவுதான்.