ஆறு மில்லிமீட்டர் எஃகும் அரை டிகிரிக் குறியும்

பெத்தாங்க் ஆட்டத்தில் காலடி வைத்து தூரம் அளக்கக் கூடாது என்றே ஒரு விதி உண்டு. டேப்பால்தான் அளக்க வேண்டும். கடைசியாக எறிந்தவரோ அவருடைய அணிக்காரரோ முதலில் அளப்பார். எதிரணிக்குச் சந்தேகம் வந்தால் அவர்களும் குனிந்து அளக்கலாம். அப்படியும் தீராவிட்டால் நடுவர் வருவார். அளக்கும்போது கை பட்டு குண்டோ, ‘கொஷொனே’ என்கிற குட்டி மர உருண்டையோ நகர்ந்துவிட்டால், அந்தப் பாயிண்ட் அளந்தவரின் அணிக்கு இல்லை. ஓர் ஆட்டத்தில் அளவெடுப்பதற்கு இவ்வளவு மரியாதை இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

பிரெஞ்சுக்காரர்களோடு புதுச்சேரிக்கு வந்த ஆட்டம் இது. 1954 நவம்பர் 1 அன்று அந்த ஊரின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான இணைப்பும் முடிந்தது. பிரெஞ்சு ஆட்சி போனாலும் இந்த ஆட்டம் ஊரிலேயே தங்கிவிட்டது. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய ‘சொல்தா’க்கள் அதை அணையாமல் காத்தவர்களில் முக்கியமானவர்கள். ஆட்டம் எளிமையானது. தரையில் ஒரு வட்டம் போட்டு, இரண்டு காலும் மண்ணில் பதிய நின்று, 6 முதல் 10 மீட்டர் தள்ளிக் கிடக்கும் கொஷொனேவுக்குப் பக்கத்தில் இரும்புக் குண்டைப் போட வேண்டும். எதிரியின் குண்டு நெருங்கிக் கிடந்தால் அதை அடித்துத் தூக்கலாம். 13 பாயிண்ட் எடுத்த அணிக்கு வெற்றி.

குறி வைத்துப் பந்தை அனுப்பும் இன்னொரு ஆட்டமான கோல்ஃபுக்கு விஞ்ஞானம் வாரி வழங்கியிருக்கிறது. எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பி.ஜி. டெய்ட், பின்சுழற்சிதான் பந்தை நெடுநேரம் காற்றில் தாங்குகிறது என்று 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கணக்குப் போட்டுக் காட்டினார். பந்தின் மேல் குழிகள் இருந்தால் அது கூடுதல் தூரம் போகும் என்பதற்கு இங்கிலாந்தின் வில்லியம் டெய்லர் 1905இல் காப்புரிமை கேட்டார். இன்று பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கண்காணிக்கும் டாப்ளர் ரேடார் நுட்பமே கோல்ஃப் பந்தின் வேகம், கோணம், சுழற்சி எல்லாவற்றையும் நொடியில் சொல்லிவிடுகிறது. இவை அனைத்தும் பந்தை இன்னும் தூரம் அனுப்புவதற்கான தேடல். பெத்தாங்க் குண்டுக்குப் பின்னாலும் நூறாண்டுப் பொறியியல் இருக்கிறது. ஆனால் அதன் நோக்கம் வேறு: குண்டு யாருக்கும் சலுகை காட்டக் கூடாது.

தென் பிரான்சின் லா சியோத்தா ஊரில் 1910 வாக்கில் இந்த ஆட்டம் பிறந்தபோது குண்டுகள் மரத்தால் ஆனவை. கெட்டியான மரவேரைக் கடைந்து உருட்டி, மேலே மீன் செதில் வரிசைபோல ஆணிகளை நெருக்கமாக அடித்துக் கவசம் போடுவார்கள். வேலைப்பாடு அழகுதான். ஆனால் ஒரு குண்டைப் போல இன்னொன்று இருக்காது. மரம் காய்ந்தால் எடையும் மாறும். 1920களில் வெண்கலக் கலவையில் வார்த்த குண்டுகள் வந்தன. அதே பத்தாண்டின் இறுதியில் சேன்-போனே-லெ-ஷாத்தோ என்ற ஊரைச் சேர்ந்த ழான் பிளான் எஃகுக் குண்டுக்கு வழி கண்டார். எஃகைப் பழுக்கக் காய்ச்சி, அச்சில் அழுத்தி, தேங்காய் மூடிபோல இரண்டு அரைக்கோளம் செய்து, விளிம்போடு விளிம்பு பற்றவைக்கும் முறை அது. பிறகு கடைசலும், நீரிலோ எண்ணெயிலோ தோய்த்துப் பதமேற்றும் வேலையும் நடக்கும். 1955இல் தொடங்கிய ஒபுட் நிறுவனமும் அதே ஊரில்தான் இருக்கிறது.

75 மி.மீ. விட்டமும் 700 கிராம் எடையும் உள்ள குண்டின் சுவர் எவ்வளவு கனம் என்று எஃகின் அடர்த்தியை வைத்துக் கணக்கிட்டால், ஏறக்குறைய 6 மி.மீ. வருகிறது. அதாவது, உள்ளே மீதியெல்லாம் காலி. அதே அளவுக் குண்டைக் கெட்டியாக வார்த்தால் 1,700 கிராமைத் தாண்டிவிடும். இந்த உள்கூடு ஏமாற்றுக்காரருக்கும் வசதியான இடம். அதனால் ஈயமோ மணலோ அடைக்கக் கூடாது என்று விதி கறாராகச் சொல்கிறது. போட்டிக்கான குண்டு 70.5 முதல் 80 மி.மீ. விட்டத்துக்குள்ளும், 650 முதல் 800 கிராம் எடைக்குள்ளும் இருக்க வேண்டும். எடையும் தயாரிப்பாளர் பெயரும் மேலே பொறித்திருக்க வேண்டும்.

அடுப்பில் சுட்டு எஃகின் பதத்தைக் குறைப்பது இன்னொரு தில்லுமுல்லு. பிடிபட்டால் நீண்ட தடை. ஏன் ஒருவர் தன் குண்டை மிருதுவாக்கப் பார்க்க வேண்டும்? இதற்குப் பதில் தேடினால் நாம் திருச்சியில் பிறந்த ஒருவரிடம் போய் நிற்போம். சர் சி.வி. ராமன் ஒளியைப் பற்றிய புகழ்பெற்ற கண்டுபிடிப்புக்குப் பத்தாண்டுகள் முன்பு, கல்கத்தாவில் குண்டுகளை மோதவிட்டுப் பார்த்தார். மிகக் குறைந்த வேகத்தில் நடக்கும் மோதல்களை ஒளிப்படத்தில் பதிந்து, 1918இல் ‘பிசிகல் ரெவ்யூ’ இதழில் கட்டுரை வெளியிட்டார். வேகம் குறையக் குறைய, மோதிய குண்டுகள் விலகும் வேகம் நெருங்கி வந்த வேகத்துக்கு ஏறக்குறைய சமமாகிறது என்பது அவர் கண்டது. வேகம் கூடினால் உலோகம் கொஞ்சம் நசுங்கி, சக்தியைத் தனக்குள்ளே விழுங்கிக்கொள்கிறது. மிருதுவான எஃகு இன்னும் அதிகமாக விழுங்கும்.

பெத்தாங்க்கின் உச்சம் ‘காரோ’. எறிந்த குண்டு எதிரியின் குண்டைப் பறக்கவிட்டு, தானே அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். ஒரே எடையுள்ள இரண்டு குண்டுகள் நேருக்கு நேர் மோதினால், வந்தது நிற்கும், நின்றது ஓடும். பள்ளிப் பாடத்திலேயே இருக்கும் விஷயம்தான். ஆனால் திடலில் குண்டு மேலிருந்து சாய்வாக இறங்குகிறது. அடிபடுகிற குண்டு தரையில் அழுந்தும்போது, தரையின் கனமும் அதனோடு சேர்ந்துகொண்டதுபோல ஆகிவிடும். எறிந்த குண்டு துள்ளிப் பின்னால் வந்துவிடும். இந்தத் துள்ளலை அடக்கத்தான் அடிப்பவர்கள் விதி அனுமதிக்கும் அளவுக்குள் மிருதுவான குண்டைத் தேடுகிறார்கள். உள்ளங்கை கீழே பார்க்க எறிவதால் கிடைக்கும் பின்சுழற்சியும் இதில் பங்கெடுக்கிறது. அது கூடினால் காரோ விழுந்த குண்டும் பின்வாங்கிவிடும். இத்தனையும் கணக்கில் கொண்டு, வட்டத்தை விட்டு அசையாமல், ஒரு மணிக்கட்டு இதைச் செய்கிறது என்பதை நினைத்தால் வியப்பு அடங்குவதில்லை.

குறி எவ்வளவு நுட்பமானது என்பதற்கும் ஒரு கணக்கு. இரண்டு குண்டும் 74 மி.மீ. என்றால், மையக் கோட்டிலிருந்து இரு பக்கமும் 74 மி.மீ. வரைதான் பிசகலாம். 8 மீட்டர் தூரத்தில் அது அரை டிகிரிக்குச் சற்று மேல். எனவே அடிப்பவர் பெரிய, இலேசான குண்டை விரும்புவார். கிட்டே போடுபவர் எதிரிக்குக் குறி சிறுத்துத் தெரியட்டும் என்று சின்னதாக, கனமாக எடுப்பார்.

சின்னக் குண்டுக்கு ஒரு நஷ்டமும் உண்டு. கொஷொனேவின் விட்டம் 30 மி.மீ.தான். குண்டின் மையம் அதைவிட உயரத்தில் இருப்பதால், இரண்டுக்கும் இடையிலுள்ள குறைந்தபட்ச இடைவெளி சாய்வான கோட்டில் அமைகிறது. தரைவாட்டத்தில் இரண்டு மையங்களுக்கும் 100 மி.மீ. தூரம் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டேன். 70.5 மி.மீ. குண்டுக்கு இடைவெளி 51.8 மி.மீ.; 80 மி.மீ. குண்டுக்கு 48.1 மி.மீ. ஒரே இடத்தில் நின்றாலும் பெரியது 3.7 மி.மீ. முந்திவிடுகிறது. கைத்திறன் சமமாக இருந்தும் பாயிண்ட் மாறும்! ஆகவே டேப்பைத் தோராயமாக மேலே பிடித்துப் பார்த்தால் போதாது. நெருங்கிய அளவுகளுக்கு உள்ளே நீட்டும் நாக்கு வைத்த மடக்கு அளவுகோலோ, காலிப்பரோ வேண்டும்.

இப்போது கைபேசிக் கேமராவில் படம் பிடித்து, கொஷொனேவைச் சுற்றி வட்டம் போட்டு ஒப்பிடும் செயலிகளும் இருக்கின்றன. நேர் மேலே பிடித்தால்தான் அது சரிவரும். கேமரா கொஞ்சம் சாய்ந்தாலும் பக்கத்திலுள்ள குண்டு பெரிதாகவும் தூரத்திலுள்ளது சிறிதாகவும் தெரிந்து தீர்ப்பு பிசகும். நட்பு ஆட்டத்துக்குப் போதும். மி.மீ. கணக்கில் தகராறு வந்தால் டேப்பே நம்பகமானது.

புதுச்சேரியில் குண்டுக்கு ஓர் எதிரி உண்டு: கடற்காற்று. கார்பன் எஃகுக் குண்டு உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஆட்டம் முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்துவைக்க வேண்டும். அந்த அக்கறை இல்லாதவருக்கு துருப்பிடிக்காத எஃகுதான் நல்லது.

மடகாஸ்கரும் ஒருகாலத்தில் பிரெஞ்சுக் காலனிதான். அந்த நாடு 1999இலும் 2016இலும் உலகப் பட்டம் வென்றது. புதுச்சேரிப் பிள்ளைகளும் சின்ன வயதிலேயே குண்டைத் தொட வேண்டும். 11 வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் 65 மி.மீ. விட்டம், 600 கிராம் எடைவரை குறைத்துக்கொள்ள விதியே இடம் தருகிறது. பெரியவர்களின் பழைய குண்டைத் தூக்க முடியாமல் பிள்ளைகள் விலகிப் போகாமல் இருக்க, ஒவ்வொரு திடலிலும் அந்த அளவில் இரண்டு மூன்று செட்டும் ஒரு நல்ல டேப்பும் வாங்கி வைத்தாலே போதும்.