காற்று சொல்லும், தண்ணீர் செய்யும்

1960 ஜூன் 11 அன்று இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்திலிருந்து சில பாய்மரப் படகுகள் நியூயார்க்கை நோக்கிப் பந்தயமாகக் கிளம்பின. படகுக்கு ஒரே ஆள். வழி நெடுக எதிர்க்காற்று. அட்லாண்டிக்கைத் தாண்ட எப்படியும் ஒன்றரை மாதம் ஆகலாம். அத்தனை நாளும் அந்த ஒற்றை ஆள்தான் சமைக்க வேண்டும், பாய் மாற்ற வேண்டும், வரைபடம் பார்க்க வேண்டும், தூங்கவும் வேண்டும். அப்போதெல்லாம் சுக்கானை யார் பிடிப்பது?

இரண்டு பேர் இரண்டு விதமாக விடை கண்டிருந்தார்கள். பிரான்சிஸ் சிசெஸ்டர் தன் படகின் பின்பக்கத்தில் ஒரு சின்னப் பாய்மரத்தையே நட்டுவைத்தார். சுமார் 4 சதுர மீட்டர் பரப்புள்ள அந்தத் தனிப்பாய் காற்றடிக்கும் திசைக்கேற்பத் திரும்பும். திரும்பும்போது கயிறுகள் வழியாகச் சுக்கானை நேரே இழுக்கும். அதற்கு மிராண்டா என்று பெயரும் வைத்தார். பிளாண்டி ஹாஸ்லர் முன்னாள் கடற்படை வீரர். 1942இல் சின்னஞ்சிறு படகுகளில் போய் போர்தோ துறைமுகத்தில் ஜெர்மன் கப்பல்களுக்கு வெடிவைத்த குழுவின் தலைவர். 25 அடி நீளமே உள்ள தன் ஜெஸ்டர் படகில் அவர் பொருத்தியதோ ஒரு மெல்லிய பலகையும், அதன் கீழே தண்ணீருக்குள் தொங்கும் ஒரு துடுப்பும்.

பந்தயத்தில் சிசெஸ்டர் 40 நாளில் முதலில் வந்தார். ஹாஸ்லர் 48 நாளில் இரண்டாவது. ஆனால் இன்று உலகைச் சுற்றும் சிறு படகுகளின் பின்பக்கத்தைப் பார்த்தால், அங்கே தொங்குவது பெரும்பாலும் ஹாஸ்லரின் துடுப்பின் வாரிசுதான். மிராண்டாவுக்கு வாரிசு இல்லை. ஏன் என்பது தெரிந்துவிட்டால், ‘விண்ட்வேன்’ எனப்படும் இந்தக் கருவியை ஒரு படகுக்குத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை முடிந்த மாதிரி.

மணிக்கு 18 கி.மீ. காற்று வீசுகிறது, படகு அதில் பாதி வேகத்தில், மணிக்கு 9 கி.மீ.யில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 80 செ.மீ. உயரம், 25 செ.மீ. அகலம் உள்ள ஒரு பலகையை அந்தக் காற்றுக்கு முழு முகமாகக் காட்டினால் அதன்மேல் விழும் விசை சுமார் 300 கிராம் எடைக்குச் சமம். கடலில் ஓடும் படகின் சுக்கானைத் திருப்ப இது எந்த மூலைக்கும் போதாது. தண்ணீர் காற்றைவிட 800 மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்பதால், பாதி வேகத்தில் அது கால் பங்காகக் குறையும். அப்படிக் குறைந்தும், படகின் அடியில் ஓடும் தண்ணீர் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் மேலே வீசும் காற்றைப் போல 200 மடங்கு அழுத்தம் தரும். சிசெஸ்டர் காற்றின் பலத்தையே நம்பினார், அதனால் அவருக்கு ஒரு பாயளவு பரப்பு தேவைப்பட்டது. ஹாஸ்லர் காற்றிடம் கேட்டது திசை பற்றிய தகவலை மட்டுமே. பலத்தைத் தண்ணீரிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

அந்தக் கருவியின் இன்றைய வடிவத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். மேலே மெல்லிய ஒட்டுப்பலகை. கீழே அதற்கு ஓர் எதிர் எடை. படகு சரியான திசையில் போகும்போது பலகையின் விளிம்பு காற்றை நேரே பார்த்து நிற்கும். இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம், அதனால் நிமிர்ந்து நிற்கும். அலை ஒன்று படகின் முகத்தைச் சற்றே திருப்பிவிட்டால் காற்று பலகையின் ஒரு பக்கத்தில் அறையும். பலகை சாயும். அந்தச் சாய்வு ஒரு தண்டு வழியாகக் கீழே இறங்கி, தண்ணீருக்குள் நிற்கும் துடுப்பை அதன் அச்சில் நாலைந்து பாகை திருப்பும். 300 கிராமின் வேலை இத்துடன் முடிந்தது. ஓடும் வள்ளத்திலிருந்து துடுப்பைத் தண்ணீருக்குள் செங்குத்தாகப் பிடித்து, லேசாக ஒரு பக்கம் திருப்பியவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும்: தண்ணீர் அதைக் கையோடு பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்கும். 80 செ.மீ. நீளமும் 15 செ.மீ. அகலமும் உள்ள துடுப்பில், மேலே சொன்ன அதே வேகத்தில், அந்த இழுப்பு தோராயமாக 15 கிலோ வரும். துடுப்பு ஊசல் போலப் பக்கவாட்டில் வீசி ஆட, அதன் தலையில் கட்டிய இரண்டு கயிறுகள் கப்பிகள் வழியாகப் போய்ச் சுக்கான் தண்டை இழுக்கும். படகு வேகம் பிடிக்கப் பிடிக்கச் சுக்கான் கனக்கும். துடுப்பின் பலமும் அதே கணக்கில் ஏறும். புயலில் மனிதக் கை சோர்ந்துபோகும் நேரத்தில்தான் இது தன் முழு வலிமையோடு நிற்கும்.

என்னை இன்னும் வியக்கவைப்பது இதன் அடக்கம். இழுக்கத் தொடங்கிய துடுப்பு இழுத்துக்கொண்டே போனால் படகு ஒரு பக்கமும் மறுபக்கமுமாகப் பாம்பு போல நெளியும். அதைத் தடுப்பவை இரண்டு பல்சக்கரங்கள். துடுப்பு பக்கவாட்டில் போகப் போக, அந்தச் சக்கரங்களின் அமைப்பே அதைத் தண்ணீர் ஓட்டத்துக்கு இணையாகத் திருப்பிவிடும். இழுப்பு தானாக அடங்கும். அதாவது எவ்வளவு பிழையோ அவ்வளவு திருத்தம். பலகையின் அச்சிலும் இதே சிக்கனம் உண்டு. செங்குத்து அச்சில் சுற்றும் பலகை, படகு 10 பாகை விலகினால் 10 பாகைதான் திரும்பும். பிரெஞ்சுக்காரரான மார்செல் ஜியானோலி அச்சைப் படுக்கைவசமாக்கினார். அப்படிப்பட்ட பலகை சிறு விலகலுக்கே முழுவதுமாகச் சாயும். விசை நிறையக் கிடைக்கும். ஆனால் அளவு தெரியாமல் சாய்ந்துவிடும். அதனால் இன்றைய கருவிகளில் அச்சைப் படுக்கைநிலையிலிருந்து சுமார் 20 பாகை உயர்த்தி வைக்கிறார்கள். சாயும்போதே பலகையின் முகம் காற்றிலிருந்து விலகும். சாய்வு விலகலின் அளவோடு நின்றுவிடும். மின்சாரமில்லாமல், கணினியில்லாமல், உலோகத்தின் கோணங்களுக்குள்ளேயே அடங்கிய கணக்கு இது.

கடைக்குப் போகும்போது முதலில் கேட்க வேண்டியது படகின் நீளத்தை அன்று. சுக்கான் எப்படித் திரும்புகிறது என்பதை. தண்டால் திருப்பும் படகென்றால் ஹாஸ்லர் வகைக் கருவி கச்சிதம். கயிறுகள் ஒரு சங்கிலித் துண்டில் முடியும். சங்கிலியின் ஒரு கண்ணியைச் சுக்கான் தண்டின் கொக்கியில் மாட்டினால் வேலை தொடங்கும், கழற்றினால் படகு மறுபடி உங்கள் கையில். ஒரு கண்ணி தள்ளி மாட்டினால் திசையில் நுண்ணிய திருத்தம். சக்கரத்தால் திருப்பும் படகில் கயிறுகளைச் சக்கரத்தின்மேல் ஓர் உருளைக்குக் கொண்டுபோக வேண்டும். துடுப்பு தரும் கயிற்று ஓட்டமே சில அங்குலங்கள்தான். நீளமான பாதையில் கயிறு விரிவதிலும் கப்பிகள் உராய்வதிலும் அதில் ஒரு பங்கு வீணாகும். விரியாத கயிறு வாங்குவதில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. ஹைட்ராலிக் எண்ணெயால் சுக்கான் திரும்பும் படகென்றால் இந்த வகையை மறந்துவிட வேண்டியதுதான்.

அப்படிப்பட்ட படகுக்காரர்களுக்கு இன்னொரு வகை இருக்கிறது. ஹைட்ரோவேன் போன்ற கருவிகள் படகின் சுக்கானைத் தொடுவதே இல்லை. தமக்கென்று ஒரு சுக்கானைப் பின்பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெரிய சுக்கானை ஒரு நிலையில் கட்டிவைத்துவிடச் சொல்கின்றன. மாலுமி உட்காரும் இடத்தில் கயிறுகள் குறுக்கே ஓடாது. பெரிய சுக்கான் உடைந்துபோனாலும் கரைசேர ஒன்று மிச்சமிருக்கும். நடுக்கடலில் இது சாதாரண விஷயமில்லை. ஆனால் இங்கே தண்ணீரின் உதவிப் பலம் கிடையாது. பலகையின் பலமே அந்தச் சிறு சுக்கானைத் திருப்புகிறது. கனமான, முரண்டு பிடிக்கும் படகில் ஹாஸ்லர் வகைதான் என் தேர்வு. பாய்களைப் பொறுமையாகச் சரிசெய்யும் மாலுமிக்கோ இந்தத் தனிச்சுக்கான் நன்றாகவே உழைக்கும். 2018இல் தொடங்கிய கோல்டன் குளோப் உலகச் சுற்றுப் பந்தயத்தை 73 வயதில் வென்ற ழான்-லுக் வான் டென் ஹீட், ஹைட்ரோவேனைத்தான் பூட்டியிருந்தார்.

காற்றை முதுகில் வாங்கி ஓடும்போது இரண்டு வகைகளுமே திணறும். 18 கி.மீ. காற்றில் 9 கி.மீ. வேகத்தில் அதே திசையில் ஓடும் படகு உணர்வது 9 கி.மீ. காற்றைத்தான், பலகையின் விசை கால் பங்காகிவிடும். ஆகவே மென்காற்றுக்கு ஒரு பெரிய பலகை, புயலுக்கு ஒரு சிறியது என்று இரண்டு வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: இந்தக் கருவிக்கு வடக்கு தெற்கு தெரியாது. காற்று திரும்பினால் படகும் கூடவே திரும்பும். கரை பக்கத்தில் இருக்கும்போது இதை நம்பிப் படுத்துவிட முடியாது.

எந்தக் கருவியும் சீரற்ற படகைக் காப்பாற்றாது. பாய் அதிகமாக விரித்த படகு காற்றின் பக்கமே முகத்தைத் திருப்பப் பார்க்கும். கருவி ஓயாமல் அதோடு மல்லுக்கட்டும். ஜோஷுவா ஸ்லோகம் 1895 முதல் 1898 வரை உலகை முதன்முதலாகத் தனியே சுற்றியபோது அவரிடம் எந்த விண்ட்வேனும் இல்லை. இருந்தும் தேர்ஸ்டே தீவிலிருந்து கோகோஸ் கீலிங் வரை 23 நாள் பயணத்தில் அவர் சுக்கானைப் பிடித்தது மொத்தமே மூன்று மணி நேரம் இருக்கும் என்று எழுதிவைத்தார். அவருடைய ஸ்ப்ரே படகு, பாய்களைச் சரியாக அமைத்துச் சுக்கானைக் கட்டிவிட்டால் தானே போகும். பம்பாயில் கட்டப்பட்ட சுஹைலியில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968-69இல் நிற்காமல் உலகைச் சுற்றியபோதும், பாதி வழியில் கருவி உடைந்து போயிற்று. மீதித் தூரத்தைப் படகின் சமநிலையை வைத்தே ஓட்டி முடித்தார். கருவி வாங்கும் முன் நல்ல காற்றில் ஒருநாள் சுக்கான் தண்டை இரண்டே விரலால் பிடித்துப் பார்ப்பது எந்த விலைப்பட்டியலையும்விட அதிகம் சொல்லும். இரண்டு விரலுக்கு அடங்காத படகுக்கு முதல் தேவை பாயைச் சுருக்குவதும் கயிறுகளைச் சரிசெய்வதும்.

உடையும் என்று எண்ணியே வாங்க வேண்டும். 2022-23 கோல்டன் குளோப் பந்தயத்தில், நாக்ஸ்-ஜான்ஸ்டன் காலத் தொழில்நுட்பம் மட்டுமே அனுமதிக்கப்பட்ட விதிகளுக்குள், இந்தியக் கடற்படையில் இருந்த அபிலாஷ் டோமி இரண்டாவதாக வந்தார். வழியில் தன் விண்ட்வேனை நடுக்கடலிலேயே பழுதுபார்த்துச் சமாளித்தபடிதான் அந்தத் தூரத்தை முடித்தார். சாதாரண நட்டு போல்ட்டால் கழற்றிப் பூட்ட முடிகிறதா, மிதக்கும் மரக்கட்டை மோதினால் கருவி முழுவதும் பெயராமல் துடுப்பைப் பிடித்திருக்கும் குழாய் மட்டும் உடையும்படி செய்திருக்கிறார்களா, அந்தக் குழாயில் உபரி ஒன்று கூடவே வருகிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

காற்றே இல்லாமல் இன்ஜினில் போகும்போது பலகை செயலற்று நிற்கும். அப்போது பலகையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கைக்கு அடக்கமான ஒரு மின்சார ஆட்டோபைலட்டின் தண்டை இணைத்துவிடலாம். பெரிய படகின் சுக்கானை நேரடியாகத் திருப்ப அதற்குச் சக்தி போதாது. அப்படித் திருப்பும் பெரிய ஆட்டோபைலட்டுகள் பேட்டரியை வேகமாகக் காலிசெய்யும். இங்கே அது தள்ள வேண்டியது பலகை தள்ளிய அந்தச் சில நூறு கிராமைத்தான். திசையை அதன் காந்த ஊசி சொல்லும். இழுக்கும் வேலையை, இன்ஜின் வேகத்தில் ஓடும் படகின் அடியில் பாயும் தண்ணீர் பழையபடியே பார்த்துக்கொள்ளும்.