கையடக்கச் சட்ட அகராதி: வாங்கலாமா, வேண்டாமா?



ஆராதனை முடிந்தபின் சபை வாசலில் போதகரிடம் கேட்கப்படும் கேள்விகள் யாவும் வேதவசனங்களைப் பற்றியவை அல்ல. வாடகை ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, இதில் கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. வக்கீல் நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி, யாரிடம் காட்டுவது என்று தயங்கி நிற்கிறவர்களும் உண்டு. படித்த வாலிபர்களோ வேறொரு கேள்வி கேட்கிறார்கள்: "ஐயா, கையடக்கமான சட்ட அகராதி ஒன்றைப் புத்தகக் கடையில் பார்த்தேன். வாங்கி வைத்தால் நமக்குப் பிரயோஜனப்படுமா?"

பிரயோஜனப்படும். ஆனால் அகராதியால் செய்யக்கூடிய வேலை ஒன்று. நாம் அதனிடம் எதிர்பார்க்கிற வேலை வேறொன்று. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாமல் வாங்கினால், புத்தகத்திற்குக் கொடுத்த பணத்தை மட்டுமல்ல, அதை நம்பிப் போட்ட கையெழுத்தினால் வீட்டையும் உழைப்பையும் இழக்க நேரிடலாம். ஆகவே இதைச் சற்று நிதானமாய் ஆராய்வோம்.

மூன்று மொழிகளின் நடுவே

கலூர் சந்தியில் அதிகாலையில் வேலைக்காகக் காத்து நிற்கும் தமிழ்ச் சகோதரர்களையும், வாத்துருத்தியில் பல ஆண்டுகளாய்க் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களையும் நாம் அறிவோம். இவர்கள் சிந்திப்பது தமிழில். காவல் நிலையத்திலும் மாநகராட்சி அலுவலகத்திலும் கைக்கு வரும் காகிதம் மலையாளத்தில். வங்கிப் பத்திரமும் உயர்நீதிமன்றத் தீர்ப்பும் ஆங்கிலத்தில். இப்படி மூன்று மொழிகளுக்கு நடுவே வாழ்கிறவனுக்கு ஒரு சொல்லின் பொருள் தவறினால், வழக்கே தவறிவிடக்கூடும்.

அகராதி எங்கே உதவுகிறது?

ஆங்கிலம் ஓரளவு வாசிக்கத் தெரிந்தவர்களையும் சட்ட ஆங்கிலம் ஏமாற்றிவிடும். காரணம், நாம் அறிந்த சொற்களே அங்கே வேறு பொருளில் வருகின்றன. 'கன்சிடரேஷன்' என்றால் பரிவு என்று நினைப்போம். ஒப்பந்தத்தில் அது ஒரு வாக்குறுதிக்கு ஈடாகக் கொடுக்கப்படும் மறுபயன். 'எக்ஸிக்யூட்' என்றால் மரண தண்டனை நினைவுக்கு வரும். பத்திரத்தில் அது எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்பது. 'பிரேயர்' என்றால் நமக்கு ஜெபம். வழக்கு மனுவில் அது நீதிமன்றத்திடம் கேட்கும் பரிகாரம். 'இன்ஸ்ட்ருமென்ட்' வாத்தியக் கருவியல்ல, ஆவணம். இத்தகைய சொற்களுக்குச் சாதாரண அகராதி போதாது. சட்ட அகராதியே வேண்டும்.

இன்னும் முக்கியமானது 'லீஸ்', 'லைசென்ஸ்' என்னும் இரண்டு சொற்கள். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, லீஸ் என்பது அந்தச் சொத்தை அனுபவிக்கும் உரிமையையே வாடகைதாரருக்கு மாற்றிக் கொடுப்பது. அதே ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, லைசென்ஸ் என்பது உள்ளே இருக்க வெறும் அனுமதி. 1965-ஆம் ஆண்டின் கேரளக் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகைதாரருக்குத் தரும் பாதுகாப்பு, அனுமதி பெற்றுத் தங்குகிறவருக்குக் கிடைப்பதில்லை. ஒரே வீடு, ஒரே தொகை, ஒரே முன்பணம். ஆனாலும் சொல் மாறினால் நிலை மாறிவிடுகிறது. தலைப்பில் எழுதியிருக்கும் சொல்லை மாத்திரம் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்வதில்லை, ஒப்பந்தத்தின் உள்ளடக்கத்தையும் பார்க்கும். ஆயினும் கையெழுத்துக்கு முன்பே, "இது லீஸா, லைசென்ஸா?" என்று கேட்கத் தெரிந்தவன் பாதி ஆபத்தைத் தவிர்த்துக்கொள்வான். அந்தக் கேள்வியை நம் வாயில் வைப்பதுதான் அகராதி செய்யும் மெய்யான உதவி.

அகராதி எங்கே கைவிடுகிறது?

முதலாவது, மொழி. நம் கைக்கு எட்டும் சிறிய சட்ட அகராதிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திற்கு ஆங்கிலம், அல்லது ஆங்கிலத்திலிருந்து தமிழ். நம்மிடம் வரும் காகிதமோ பெரும்பாலும் மலையாளம். மலையாளச் சொற்கள் காதுக்குத் தமிழைப்போல் இருப்பதே இங்கே கண்ணி. 'பிரதி' என்றால் நமக்கு நகல். கேரளக் காவல் நிலையத்தில் 'பிரதி' என்றால் குற்றஞ்சாட்டப்பட்டவர். 'மொழி' என்றால் நமக்குப் பாஷை. அங்கே அது வாக்குமூலம். 'விதி' நமக்கு ஒழுங்குமுறை அல்லது தலையெழுத்து. அங்கே அது தீர்ப்பு. 'ஆதாரம்' நமக்குச் சான்று. அங்கே அது சொத்துப் பத்திரம். 'கரார்' நமக்குக் கண்டிப்பு, அங்கே ஒப்பந்தம். 'பணயம்' நமக்குப் பந்தயத்தில் வைப்பது, அங்கே அடகு. 'ஹர்ஜி' என்பது மனு. 'ஜாம்யம்' என்பது ஜாமீன். "மொழி கொடுக்க வா" என்று அழைக்கப்பட்டவர், தாம் வாக்குமூலம் கொடுக்கப் போகிறோம் என்பதை அறியாமலே போய்விடக்கூடும். ஆங்கிலம்–தமிழ் அகராதி எத்தனை சிறந்ததாயினும் இந்த இடத்தில் அவருக்கு உதவாது.

இரண்டாவது, காலம். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் ஆகிய மூன்றின் இடத்தில், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷ்ய அதினியம் ஆகிய மூன்று புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. கொலைக்குரிய 302-ஆம் பிரிவு 103 ஆயிற்று. ஏமாற்றுக்குப் பெயர்போன 420, இப்போது 318-ஆம் பிரிவிற்குள் அடங்கியிருக்கிறது. முதல் தகவல் அறிக்கைக்குரிய 154-ஆம் பிரிவு 173 ஆயிற்று. அந்த நாளுக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்துவதால் பழைய எண்கள் முற்றிலும் செத்துப்போகவில்லை. எனினும் 2024-க்கு முன் அச்சிட்ட அகராதியை மாத்திரம் வைத்துக்கொண்டு இன்றைய அறிக்கையை வாசிக்கிறவர் திகைத்துப்போவார்.

நம்மைப்போன்ற இடம்பெயர்ந்தோரைத் தொடும் மாற்றமும் ஒன்று உண்டு. 1979-ஆம் ஆண்டின் சட்டத்தில், மாநிலம் விட்டு மாநிலம் வந்த தொழிலாளி என்பவர் ஒப்பந்தக்காரர் மூலம் அழைத்துவரப்பட்டவர் மாத்திரமே. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்று, தானாகவே வந்து வேலை தேடிக்கொண்டவரையும் அந்தச் சொல்லுக்குள் சேர்த்துக்கொள்கிறது. மாதச் சம்பளம் ரூ.18,000-க்கு மேற்படாதிருக்க வேண்டும் என்பது அதன் வரம்பு, அரசு அதை உயர்த்தவும் கூடும். பழைய அகராதியைப் புரட்டுகிறவர், "இது என்னைக் குறிக்கவில்லை" என்று தன் உரிமையைத் தானே விட்டுவிடக்கூடும்.

மூன்றாவது, சொல்லின் பொருள் வேறு, சட்டத்தின் வலிமை வேறு. 'ஷுரிட்டி' என்ற சொல்லுக்கு அகராதி 'பிணையாளி' என்று ஒரே சொல்லில் விடை தரும். வேதத்தை வாசிக்கிற நமக்கு அது பழகிய சொல். பிறனுக்காகப் பிணைப்படுவதைக் குறித்து நீதிமொழிகள் தரும் எச்சரிப்பையும் அறிவோம். ஆனால் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாய்ச் சொல்லியிருந்தாலன்றி, பிணையாளியின் பொறுப்பு கடன்காரனுடைய பொறுப்புக்குச் சமமானது. சிட்டிக்கோ கடனுக்கோ நண்பனுக்காகக் கையெழுத்திட்டவரிடமே பணம் கொடுத்தவர் நேராக வரலாம் என்பது அந்த ஒற்றைச் சொல்லில் தெரியாது.

வெற்றுக் காசோலையும் அப்படியே. அவசரத்திற்குக் கடன் வாங்குகிறபோது, தொகை எழுதாத காசோலையில் கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுகிறோம். கேரளத்தில் 'பிளேடு' என்று அழைக்கப்படும் கந்துவட்டிக்காரருக்கு எதிராக 2014-ஆம் ஆண்டில் 'ஆபரேஷன் குபேரா' என்ற பெயரில் காவல்துறை நடவடிக்கை எடுக்க வேண்டியிருந்தது என்றால், நிலைமை எத்தகையது என்று யோசித்துப் பாருங்கள். மனமொப்பிக் கையொப்பமிட்டுக் கொடுத்த காசோலையில் மற்றவர் விவரங்களை நிரப்பினாலும், அது கடனுக்காகக் கொடுக்கப்பட்டதென்றே சட்டம் முதலில் அனுமானிக்கும் என்று 2019-ஆம் ஆண்டில் பீர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. அப்படி அல்ல என்று நிரூபிக்கும் பாரம் கையெழுத்திட்டவர் மேல் விழுகிறது. அந்தக் காசோலை பணமின்றித் திரும்பி, நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் தொகை செலுத்தப்படாவிட்டால் 138-ஆம் பிரிவின்கீழ் வழக்கு வரலாம். இரண்டு ஆண்டுவரை சிறைத்தண்டனையும், காசோலைத் தொகையின் இரு மடங்குவரை அபராதமும் விதிக்கப்படக்கூடும்.

கடையில் நின்று சோதித்துப் பாருங்கள்

வாங்குவதென்று தீர்மானித்தால், அட்டையைப் பார்த்து வாங்காதிருங்கள். முதலில் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். 2024 ஜூலைக்குப் பின் திருத்தப்பட்டதா என்று உறுதி செய்யுங்கள். இரண்டாவது, எந்த நாட்டுச் சட்டம் என்று பாருங்கள். 1891-ல் முதன்முதல் வெளியான 'பிளாக்ஸ் லா டிக்‌ஷனரி' உலகப் புகழ் பெற்றதுதான். ஆனால் அது அமெரிக்காவின் சட்டத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. நம் நாட்டுக்கென்றால் தமிழரான பி. இராமநாத ஐயர் தொகுத்து 1940-ல் வெளிவந்த 'லா லெக்சிகன்' வழிவந்த நூல்கள் உண்டு. அவை கனமானவை, வழக்கறிஞருக்கும் நூலகத்திற்கும் ஏற்றவை. மூன்றாவது, மேலே சொன்ன ஐந்து சொற்களை, அதாவது கன்சிடரேஷன், எக்ஸிக்யூட், பிரேயர், லைசென்ஸ், ஷுரிட்டி ஆகியவற்றை, அங்கேயே புரட்டிப் பாருங்கள். விளக்கம் உங்களுக்குப் புரிகிறதா? எடுத்துக்காட்டு உண்டா? ஒரு சொல்லுக்கு மற்றொரு கடினச் சொல்லை மட்டும் தருகிற புத்தகத்தை வைத்துவிட்டு வாருங்கள். நான்காவது, எழுத்தின் அளவு. பைக்குள் அடங்கும் என்பதற்காகக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தை வாங்கிப் பயனில்லை.

யார் வாங்க வேண்டும்?

சட்டம் படிக்கும் பிள்ளைகள், அலுவலகங்களில் எழுத்துவேலை செய்வோர், பிறருக்காக மனு எழுதிக் கொடுப்போர், இவர்கள் வாங்கலாம்; பணம் வீண்போகாது. மற்றக் குடும்பங்கள் தனித்தனியே வாங்கத் தேவையில்லை. சபைக்கு ஒன்று போதும். அதனோடு ஐம்பது பக்க நோட்டு ஒன்றையும் வையுங்கள். அதில் ஒரு பக்கம் மலையாளச் சொல், எதிர்ப்பக்கம் தமிழ்ப் பொருள். மேலே சொன்ன எட்டுச் சொற்களோடு தொடங்குங்கள். இங்கே பிறந்து மலையாளப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் அதை வாரந்தோறும் வளர்க்கலாம். கடையில் கிடைக்கும் அகராதி செய்யாத வேலையை அந்த நோட்டு செய்யும்.

புத்தகத்தைவிட மேலான உதவி

அகராதி சொல்லைக் காட்டும். வழியைக் காட்ட மனிதர் வேண்டும். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்போர், வருமான வரம்புக்குக் கீழுள்ளோர் ஆகியோருக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். கேரள மாநிலச் சட்டப் பணிகள் ஆணையத்தின் 'நியம சஹாய பவன்' எர்ணாகுளத்தில் உயர்நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது.

"எனக்கு மொழி தெரியாது" என்று சொல்ல வெட்கப்படாதிருங்கள். அந்த வார்த்தைக்குச் சட்டத்தில் மதிப்புண்டு. ஆங்கிலம் அறியாத ஹரிகிசன் என்பவருக்குத் தடுப்புக்காவல் காரணங்களை ஆங்கிலத்தில் கொடுத்தது போதாது என்று 1962-லேயே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கைது செய்யப்படுகிறவருக்கு அதன் காரணங்களை அவர் அறிந்த மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் அதே நீதிமன்றம் கூறியது. குறைதீர்க்கும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவும் உரிமை தருகிறது. புகார் கொடுத்தால் முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவதும் உங்கள் உரிமை. கேட்கும்போது மட்டும் 'பிரதி' என்று கேளாமல், 'பகர்ப்பு' அல்லது 'காப்பி' என்று கேளுங்கள்.

பிரியமானவர்களே, எரேமியா தீர்க்கதரிசி ஆனதோத்தின் நிலத்தை வாங்கினபோது பத்திரம் எழுதி, சாட்சிகளை வைத்து, முத்திரையிட்டதையும் திறந்திருந்ததையும் மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் செய்தார். காகித விஷயத்தில் கவனமாயிருப்பது அவிசுவாசமல்ல. ஆகவே சபைக்கு ஒரு நல்ல அகராதியை வாங்குங்கள், நோட்டைத் தொடங்குங்கள். ஆனால் ஒரு சொல் விளங்காதிருக்கும்வரை பேனாவைத் திறவாதிருங்கள். "நாளைக்குத் தருகிறேன், ஒருவரிடம் வாசித்துக் காட்டிவிட்டு வருகிறேன்" என்று சொல்லுவதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை.