புதிய நாவலும் நூலகரின் பரிந்துரையும்

நூல்நிலையத்திற்கு வருவோரில் பலர் நூலகரிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: "புதிதாக நல்ல கதைப் புத்தகம் ஏதும் வந்திருக்கிறதா?" கேட்பவர் கல்லூரி மாணவராக இருக்கலாம், ஓய்வு பெற்ற கிராணியாராக இருக்கலாம், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்த தாயாராகவும் இருக்கலாம். கேள்வி ஒன்றாயினும் மூவருக்கும் விடை ஒன்றாதல் இயலாது. ஆயினும் நடைமுறையில் மூவருக்கும் ஒரே விடைதான் பெரும்பாலும் கிடைக்கிறது. அண்மையில் பரிசு பெற்ற நாவல் ஒன்றை எடுத்து நீட்டி, "இது மிக உயர்ந்த நூல்" என்று சொல்லி அனுப்பிவிடுகின்றனர். பெற்றுச் சென்றவர் இருபது பக்கத்தோடு மூடிவைத்து, தவணை முடிந்ததும் திருப்பித் தந்துவிட்டு, அதன் பின் நூல்நிலையத்துப் பக்கமே தலைகாட்டாமற் போய்விடுவதும் உண்டு. நூல் உயர்ந்ததுதான், அது சென்ற கைதான் பொருந்தாத கை.

நாவலைப் பரிந்துரைத்தல் கற்றுக்கொள்ளத்தக்க ஒரு தொழில். அதற்கு நீண்ட வரலாறும் உண்டு. அவ்வரலாற்றின் தொடக்கத்தில் வாசகரின் விருப்பத்திற்கு அவ்வளவாக இடம் இருக்கவில்லை என்பதை இங்கிலாந்தில் நிகழ்ந்த கதை காட்டும்.

சார்லஸ் எட்வர்ட் மூடி என்பவர் 1842இல் லண்டனில் சந்தா நூல்நிலையம் ஒன்றைத் தொடங்கினார். ஆண்டுக்கு ஒரு கினி கட்டியவர் ஒரு வேளைக்கு ஒரு தொகுதி வீதம் எடுத்துச் செல்லலாம். அக்காலத்து நாவல்கள் மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. விலை ஒன்றரைக் கினி. ஓர் ஆண்டுச் சந்தாவைக் காட்டிலும் ஒரு நாவலின் விலை மிகுதியாக இருந்தால் யார் நாவலை விலைக்கு வாங்குவர்? ஆகவே மூடி எதனை வாங்கி அடுக்கில் வைத்தாரோ அதுவே நடுத்தரக் குடும்பங்கள் படித்த நாவலாயிற்று. குடும்பத்தில் யாவரும் படிக்கத் தகாதது என்று அவர் எண்ணிய நூலுக்கு அங்கே இடமில்லை. ஜார்ஜ் மூர் என்ற எழுத்தாளரின் முதல் நாவல் 1883இல் வந்தபோது, நாட்டுப்புறத்துச் சீமாட்டிகள் இருவர் குறைகூறி எழுதினார்கள் என்பதற்காக அது புழக்கத்தினின்றும் நிறுத்தி வைக்கப்பட்டதாக மூர் எழுதியுள்ளார். இரண்டு கடிதங்கள், அவ்வளவே! சினங்கொண்ட மூர் 1885இல் மூடியைத் தாக்கித் துண்டு நூல் ஒன்றை வெளியிட்டார். மூன்று தொகுதி முறையும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1894இல் மூடியும் இன்னொரு பெரிய நூல்நிலையத்தாரும் இனி அவ்வளவு விலை கொடுக்க இயலாது என்று பதிப்பகத்தாருக்கு அறிவித்தனர். சில ஆண்டுகளில் அம்முறை மறைந்தது.

மூடியின் நூல்நிலையத்தில் பரிந்துரை என்பது வேலி போடுவதாகவே இருந்தது. அதனை வழிகாட்டுவதாக மாற்றியோரில் தலையாயவர் ஒரு தமிழர். சீர்காழியில் 1892இல் பிறந்து, கணித ஆசிரியராகப் பணியாற்றி, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான சீ. இரா. அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலில் ஐந்து விதிகளை வகுத்தார். நூல்கள் பயன்படுவதற்கே; ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல்; ஒவ்வொரு நூலுக்கும் அதனுடைய வாசகர்; வாசகரின் காலத்தைக் காப்பாற்றுக; நூல்நிலையம் வளரும் உயிர். இவையே அவ்விதிகளின் சாரம். இரண்டாம் விதியையும் மூன்றாம் விதியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பரிந்துரையின் முழு வேலையும் விளங்கும். இரண்டாம் விதி வாசகரின் பக்கம் நிற்கிறது. மூன்றாவது, அடுக்கில் கேட்பாரற்றுக் கிடக்கும் நூலின் பக்கம் நிற்கிறது. நூல் தானாக எழுந்து நடந்து வாசகரைத் தேடாது. அதற்காக நடக்க வேண்டியவர் நூலகரே.

பிற துறை நூல்களுக்கு இந்நடை ஓரளவு எளிது. கோழி வளர்ப்புப் பற்றி அறிய வந்தவர் அதற்குரிய எண்ணைப் பார்த்து அடுக்கைத் தேடி எடுத்துக்கொள்வார். நாவலுக்கு அந்த வசதி இல்லை. டியூயி பகுப்பு முறையில் தமிழ்ப் புனைகதை அனைத்திற்கும் 894.8113 என்ற ஓர் எண்தான். துப்பறியும் கதையும் அதே எண். தோட்டத்து வாழ்வைச் சொல்லும் நாவலும் அதே எண். அதற்கு மேல் ஆசிரியர் பெயரின் எழுத்து வரிசை. பெயர் தெரிந்த ஆசிரியரைத் தேடுபவருக்கு அது போதும். பெயரே கேட்டிராத புது ஆசிரியரின் முதல் நாவலைப் பற்றி அந்த எண் ஒன்றுமே சொல்லாது. மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ அச்சாகும் தமிழ் நாவலுக்குச் சென்னையில் உள்ளது போன்ற பரந்த விற்பனையும் இல்லை, மதிப்புரைகளும் குறைவு. நூலகர் வாய் திறவாவிட்டால் அத்தகைய நூல் அடுக்கிலேயே பழையதாகிவிடும்.

அவ்வாறாயின் நூலகர் எங்கிருந்து தொடங்குவது? "எப்படிப்பட்ட கதை வேண்டும்?" என்று கேட்டால் பெரும்பாலோர் விழிப்பர். "கடைசியாகப் படித்ததில் எது உங்களுக்குப் பிடித்திருந்தது, அக்கா?" என்று கேட்டால் உடனே பேசத் தொடங்கிவிடுவர். அவர் சொல்லும் நூற்பெயரைக் காட்டிலும் அதைப் பற்றி அவர் சொல்லும் முறையே நூலகர் கவனிக்க வேண்டியது. நான்சி பெர்ல் என்னும் அமெரிக்க நூலகர், வாசகர் ஒரு நூலினுள் நுழையும் வாயில்கள் நான்கு என்பார்: கதை, கதைமாந்தர், களம், மொழி. ஒவ்வொரு நூலிலும் நான்கும் உண்டு. ஒரு வாயில் மற்றவற்றினும் அகலமாக இருக்கும்.

கல்கியின் 'பொன்னியின் செல்வ'னை எடுத்துக்கொள்ளலாம். அது பிடிக்கும் என்று நால்வர் சொல்வர். ஒருவர் அடுத்து என்ன நடக்குமோ என்று இரவெல்லாம் விழித்துப் படித்தவர். மற்றொருவருக்கு வந்தியத்தேவனும் நந்தினியும் இன்னும் கண்முன் நடமாடுகிறார்கள். மூன்றாமவர் வீரநாராயண ஏரியையும் பழையாறையையும் நேரிலே கண்டது போன்ற இன்பம் பெற்றவர். நான்காமவர் கல்கியின் நகைச்சுவை நடைக்காகவே மறுபடியும் படிப்பவர். "உங்களுக்குச் சரித்திரக் கதை பிடிக்குமல்லவா?" என்று நால்வருக்கும் ஒரே மாதிரியான அரசர் கதையைக் கொடுத்தால் ஒருவருக்குப் பொருந்தும், மூவருக்குப் பொருந்தாது. மாந்தருக்காகப் படித்தவருக்குச் சரித்திரமே தேவையில்லாமல் இருக்கலாம். கும்பகோணத்து வாழ்வைச் சொல்லும் தி. ஜானகிராமனின் 'மோகமுள்' அவரை ஆட்கொள்ளக்கூடும்.

புதிய நாவல் ஒன்று வந்து சேர்ந்ததும் அதன் அகன்ற வாயில் எது என்று நூலகர் முடிவு செய்துகொள்ள வேண்டும். சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' 2008இல் வெளிவந்தபோது ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அந்த நூலைக் கண்டு மலைத்தவர் பலர். மதுரையின் ஏறத்தாழ அறுநூறு ஆண்டுக் கதையைச் சொல்லும் அதன் வாயில் களம். மூதாதையர் ஊர் மதுரைப் பக்கம் என்று சொல்லும் வாசகருக்கு அது பெருவிருந்து; விறுவிறுப்பை மட்டும் நாடுபவருக்குச் சுமை. ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' கடற்கரைப் பரதவரின் பேச்சு மொழியிலேயே நடப்பது. "முதல் ஐம்பது பக்கம் பேச்சுப் பிடிபடாது, பொறுத்துப் படியுங்கள்" என்று ஒரு சொல் சொல்லிக் கொடுத்தால் வாசகர் பொறுப்பார், சொல்லாமற் கொடுத்தால் மூடிவிடுவார். அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' 2005இல் வந்தது. ஜப்பானியர் 1942இலும் 1943இலும் 415 கிலோமீட்டர் தூரம் போட்ட சயாம் - பர்மா ரயில் பாதையில் மடிந்த தமிழரின் கதை அது. மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் சயாமுக்குப் போய்த் திரும்பாத தாத்தாவைப் பற்றிப் பாட்டி சொல்லக் கேட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நாவலே படிப்பதில்லை என்று ஒதுங்கும் பெரியவருக்குக்கூட அந்நூலைத் தயங்காமல் நீட்டலாம்.

இவ்விடத்தில் ஒரு கவனம் தேவை. இமையத்தின் 'செல்லாத பணம்' 2020ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடக்கும் மகளையும், வாசலில் தவிக்கும் பெற்றோரையும் பற்றிய கதை. பரிசு பெற்ற நூல் என்று மட்டும் சொல்லி அதனைக் கொடுத்தால், வீட்டில் அத்தகைய துயரம் நேர்ந்த ஒருவர் கையில் அது போய்ச் சேரக்கூடும். அத்தீங்கைப் பரிசு தடுக்காது. துயரம் உள்ள நூலையெல்லாம் மறைத்து வைப்பதும் சரியன்று. அது மூடியின் வழி. புற்றுநோய் கண்ட ஒருவரின் இறுதி நாட்களைச் சொல்லும் ரெ. கார்த்திகேசுவின் 'அந்திம கால'த்தை, அதே நோயோடு போராடும் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் விலக்கவும் கூடும், விரும்பித் தேடவும் கூடும். எவர் எதை விரும்புவார் என்பதை நூலகர் ஊகிக்க வேண்டியதில்லை. கதை எதைப் பற்றியது என்பதை இரண்டு வாக்கியத்தில் ஒளிக்காமற் சொல்லிவிட்டால், எடுப்பதும் வைப்பதும் வாசகர் பொறுப்பு.

ரமணிசந்திரன் நாவலைக் கேட்டு வருபவரிடம் முகம் சுளிக்கும் பழக்கம் சில நூலகரிடம் உண்டு. சிறிது சிறிதாக இவரை உயர்ந்த இலக்கியத்திற்கு ஏற்றிவிட வேண்டும் என்ற எண்ணம் சிலருக்கு. எண்ணம் நல்லதே. ஆனால் அதில் வாத்தியார் குணம் கொஞ்சம் கலந்திருக்கிறது. மாணவனுக்குத் தேர்வு உண்டு. ஆகவே பிடிக்காததையும் படிப்பான். நூல்நிலைய வாசகருக்கு அக்கட்டாயம் இல்லை; அவர் காலாற நடந்து வெளியே போய்விடலாம். அவர் கேட்ட நூலை முதலிற் கொடுத்துவிட்டு, இன்னொன்றை அதன் மேல் வைத்து, "இதிலும் ஒரு குடும்பத்துக் கதைதான், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொண்டுவாருங்கள்" என்று சொல்வதில் எவருக்கும் இழிவில்லை.

எல்லாப் புது நாவலையும் நூலகர் முழுமையாகப் படிப்பது நடவாத காரியம். தேவையும் இல்லை. முதல் அதிகாரம், நடுவில் ஒன்று, இறுதிப் பகுதியில் சில பக்கம் என்று அரைமணி நேரம் செலவிட்டால் நடையும் வேகமும் தெரிந்துவிடும். பின்னட்டைக் குறிப்பை நம்புவதற்கில்லை. பதிப்பகத்தார் எந்த நாவலைத்தான் சிறந்த நாவல் அன்று என்று எழுதுவர்!

பரிந்துரைப்பார் இல்லாமையால் நேரும் இழப்பிற்கு ப. சிங்காரத்தின் கதையைச் சொல்லலாம். சிங்கம்புணரியில் பிறந்த இவர் 1938இல் சுமாத்திராவின் மேடானுக்குக் கடை வேலைக்குப் போனவர். போர்க்காலத்தைக் கண்ணாரக் கண்டு 1946இல் ஊர் திரும்பினார். மேடானும் பினாங்கும் களமாக அமைந்த 'புயலிலே ஒரு தோணி' 1972இல்தான் நூலாக வெளிவந்தது. வந்த பிறகும் நெடுங்காலம் பேசுவாரில்லை. இன்று தமிழின் தலைசிறந்த நாவல்களுள் ஒன்றாக விமரிசகர் பலர் அதனை எண்ணுகின்றனர். சிங்காரம் 1997இல் மறைந்தார். தம் நூலுக்குப் பிற்காலத்தில் சேர்ந்த பெருங்கூட்டமான வாசகரை அவர் காணவில்லை. பினாங்குத் தெருக்களை அறிந்த ஒருவர் கையில் அந்நூலை 1970களிலேயே வைத்திருக்கக்கூடிய நூலகர்கள் எத்தனை பேரோ!

நூலைக் கொடுத்ததோடு நூலகரின் வேலை முடிவதில்லை. அது திரும்பி வரும் நாளில்தான் பரிந்துரை சரியா தவறா என்பது தெரியும். "முடித்தீர்களா?" என்று கேட்டால் வாசகர் கூசுவார், "எதுவரைக்கும் போனீர்கள்?" என்று கேட்பது நலம். பாதியில் விட்டவருக்குப் பெர்ல் சொல்லும் கணக்கு ஆறுதல் தரும்: ஐம்பது வயது வரையில் உள்ளவர் ஐம்பது பக்கம் படித்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம், அதற்கு மேற்பட்டவர் நூறிலிருந்து தம் வயதைக் கழித்து வரும் பக்கங்களைப் படித்தாற் போதும். எழுபது வயதுக்காரருக்கு முப்பது பக்கந்தான். எந்தப் பக்கத்தில் விட்டார், ஏன் விட்டார் என்பதைக் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை அவர் வரும்போது எடுத்துத் தர வேண்டிய நூல் எது என்பது பாதி விளங்கிவிடும்.