பிறநாட்டு உணவுச்சாலையிற் பிள்ளைகளோடு



1983ஆம் ஆண்டின் பின்னர் நம் நாட்டுத் தமிழர் பெருந்தொகையினராகப் பிரான்சு தேசத்துக்குச் சென்று குடியேறினர். பாரிஸ் மாநகரிலே, கார் து நோர் புகையிரத நிலையத்துக்கு அண்மையிலுள்ள லா சப்பல் பகுதி இன்று தமிழ்க் கடைவீதியாகவே விளங்குகின்றது. அங்கே தோசையும் இடியப்பமும் கொத்து றொட்டியும் கிடைக்கும். பிள்ளை சிணுங்கினாலும் எவரும் முகஞ்சுளிப்பதில்லை. ஆயின், அவ்வீதியைக் கடந்து, அந்நாட்டவரின் உணவுச்சாலையொன்றினுள்ளே சிறு பிள்ளைகளோடு நுழையும்போது நம்மவர் நெஞ்சு சற்றே தயங்குகின்றது. அத்தயக்கத்தின் காரணம் யாது, அதனை நீக்கும் வழி யாது என்பன பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

பாரிஸில் நான் வாழத் தொடங்கிய புதிதில் நிகழ்ந்த ஒன்றை முதலிற் கூறுகின்றேன். ஒரு நாள் பிற்பகல் மூன்று மணியளவில், மனைவியோடும் நான்கு வயது மகளோடும் ஓர் உணவுச்சாலைக்குச் சென்றேன். மேசைகள் பல வெறுமையாக இருந்தன. ஓரிருவர் கோப்பி அருந்திக்கொண்டிருந்தனர். எனினும் பரிமாறுபவர் கையை அசைத்து, உணவு இல்லை என்று கூறிவிட்டார். பசி தாளாது மகள் அழுதாள். எங்கள் நிறத்தைக் கண்டே மறுத்தனர் என எண்ணி, மனம் புழுங்கி வெளியேறினேன். சில நாட்களின் பின் அதனை அயலவரான பிரெஞ்சு மூதாட்டி ஒருவரிடம் கூறியபோது அவர் புன்னகைத்தார். "மூன்று மணிக்கு நான் என் பேரனை அழைத்துச் சென்றாலும் அங்கே உணவு கிடையாது" என்றார்.

உண்மை அதுவே. பிரான்சிலே பெரும்பாலான உணவுச்சாலைகளின் சமையலறை நண்பகல் பன்னிரண்டு மணிக்குத் திறந்து, இரண்டு அல்லது இரண்டரை மணிக்கு மூடப்படும். மீண்டும் திறப்பது மாலை ஏழு மணியளவிலேயே. பிறநாட்டில் உண்மையான அவமதிப்பும் சிலவேளை நேர்வதுண்டு; அதனை நான் மறுக்கவில்லை. ஆனால், ஊர் வழக்கத்தை அறியாமல் அவ்வழக்கத்தையே அவமதிப்பாகக் கொள்வோமாயின், அக்கசப்பு நம் பிள்ளைகளின் நெஞ்சிலும் ஊறிவிடும். வளரும் நாட்டையே வெறுத்து வளரும் பிள்ளைக்கு அதனினும் பெரிய கேடு வேறில்லை.

ஆகவே, முதலில் அறியவேண்டியது நேரம். சிறு பிள்ளையோடு செல்பவர், பன்னிரண்டு மணிக்கே சென்று அமர்வது நன்று. அப்பொழுது கூட்டம் குறைவு, பரிமாறுபவரும் பொறுமையோடிருப்பர். இடைநேரத்திற் பசித்தால் வெதுப்பகத்தை நாடலாம். அந்நாட்டுப் பிள்ளைகளும் பாடசாலை விட்டபின், நான்கு அல்லது நாலரை மணிக்குச் சிற்றுண்டி உண்பர். அவ்வழக்கம் இருப்பதனாலேயே இரவு உணவுக்கு ஏழு மணிவரை அவர்களாற் பொறுத்திருக்க முடிகின்றது.

இரண்டாவது, ஒழுங்கு. நம் வீட்டிலே சோறும் கறியும் ஒருங்கே இலையில் வந்து சேரும். அங்கேயோ முதலுணவு, பின் முக்கிய உணவு, அதன்பின் இனிப்பு எனத் தனித்தனியே வரும்; ஒன்றை அனைவரும் உண்டு முடித்த பின்னரே மற்றொன்று வரும். எல்லாம் ஒருங்கே கண்டு பழகிய பிள்ளைக்கு இவ்விடைவெளி பெருந்துன்பம். ஆதலால், அமர்ந்தவுடனேயே பிள்ளையின் உணவை முதலிற் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்ள வேண்டும். இவ்வாறு கேட்பது குற்றமன்று. அதுவரை பசியைத் தணிக்கப் பாண் உண்டு. உணவின் விலையிலேயே பாணும் சாதாரணக் குடிநீரும் அடங்கும் என்பது 1967ஆம் ஆண்டிலிருந்து அந்நாட்டில் உள்ள விதி. போத்தல் நீர் வாங்கியே தீரவேண்டும் என எண்ணிப் பணம் விரயஞ் செய்ய வேண்டியதில்லை.

மூன்றாவது, பிள்ளையின் தட்டில் வருவது யாது என்பது. பிள்ளைகளுக்கெனக் குறைந்த விலையில் ஒரு தனி உணவு பல இடங்களிற் கிடைக்கும். அது பெரும்பாலும் அரைத்த மாட்டிறைச்சியாகவோ பன்றித்தொடை இறைச்சியாகவோ இருக்கும். கூடவே பொரித்த உருளைக்கிழங்கு வரும். சைவ உணவினரும் இஸ்லாமியரும் முன்னரே கேட்டறிதல் அவசியம். மாட்டிறைச்சி உண்போரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரெஞ்சு மக்கள் இறைச்சியின் உட்பகுதி சிவந்திருப்பதை விரும்புவர். முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேற்புறத்திலேயே இருக்கும். அது நெருப்பில் அழிந்துவிடும். அரைத்த இறைச்சியிலோ அது உள்ளேயும் கலந்துவிடுகின்றது. சிறு பிள்ளைகளின் சிறுநீரகத்தைத் தாக்கும் கொடிய நோய் இதனால் உண்டாகலாம். எனவே "பியன் குய்", அதாவது நன்றாக வேகவைத்தது, என்று கேட்டல் வேண்டும். காய்ச்சாத பாலிற் செய்த பாற்கட்டியையும் ஐந்து வயதுக்குட்பட்டோருக்குக் கொடுத்தலாகாது என அந்நாட்டுச் சுகாதாரத் துறையினர் அறிவுறுத்துகின்றனர்.

கச்சான், முட்டை, மீன் போன்றவை சில பிள்ளைகளின் உடலுக்கு ஒவ்வா. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, 2014ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதல், இத்தகைய 14 வகைப் பொருள்கள் பற்றிய விபரத்தை உணவுச்சாலைகளும் வழங்குதல் வேண்டும். மொழி தெரியாதோர் பிள்ளைக்கு ஒவ்வாத பொருளின் பெயரைப் பிரெஞ்சில் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருத்தல் நலம்.

இறுதியாக, யாவற்றிலும் எளியதும் பயன் மிக்கதுமான ஒன்று உண்டு. உள்ளே நுழையும்போது "போன்ஷூர்" என வணக்கங் கூறாது பேசத் தொடங்குவதை அந்நாட்டவர் மரியாதைக் குறைவாகக் கருதுவர். கூச்சத்தினால் நாம் மௌனமாக நுழைகின்றோம். அவர்களோ அதனைச் செருக்கென எண்ணுகின்றனர். அவர்களின் வழக்கத்தை நாம் பிழையாக விளங்கியதுபோலவே அவர்களும் நம்மைப் பிழையாக விளங்குகின்றனர்.

சில மாதங்களின் பின், அதே உணவுச்சாலைக்கு நண்பகல் பன்னிரண்டு மணிக்கு மீண்டும் சென்றோம். என் மகள் முன்னே சென்று, தன் மழலையில் வணக்கங் கூறினாள். அன்று எங்களை மறுத்த அதே மனிதர் குனிந்து அவளுக்கு மறுவணக்கங் கூறி, சன்னலோரத்து மேசையைக் காட்டினார். உண்டு முடிந்ததும் அவள், "அப்பா, அந்த மாமாவுக்கு இன்றைக்கு எங்கள் மேல் கோபம் இல்லையா?" என்று கேட்டாள். அன்றும் அவருக்குக் கோபம் இருக்கவில்லை என்று அவளுக்குச் சொல்ல முடிந்ததே எனக்குப் பேராறுதலாயிற்று.